கரும்புச் சக்கையின் ஈரம்: மைக்ரோவேவ் சென்சாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியஸில் கரும்புச் சக்கை பாய்லரில் எரிந்து மின்சாரமாகிறது. ஆலையை விட்டு வரும் சக்கையின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். இந்த ஈரத்தை உடனுக்குடன் அறிய மைக்ரோவேவ் சென்சார் நல்ல வழி. நீரின் ஒப்புமை விடுதிறன் (மின்னாற்றலைத் தேக்கும் திறன் வெற்றிடத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 20 டிகிரி செல்சியஸில் சுமார் 80. காய்ந்த நாருக்கு ஒற்றை இலக்கம். அதனால் ஈரம் ஏற ஏற, சென்சாரின் உள்ளே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வலுவாக அதிரும் பகுதியான ரெசனேட்டரின் அந்த ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கும்.

புராஜெக்ட் எடுக்கும் நம் பிள்ளைகள் முதலில் கை வைப்பது சென்சாரின் வடிவமைப்பில்தான். எஃப்ஆர்-4 என்னும் சாதாரண சர்க்யூட் பலகையில் ஆற்றல் இழப்பு அதிகம், க்யூ மதிப்பு (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) 50-ஐத் தாண்டுவதே கஷ்டம் என்று விலை கூடிய பலகை வாங்குகிறார்கள். சரி, காலி சென்சாரில் வரைபடம் அழகாக வரும். ஈரச் சக்கையை வைத்ததும் நீரின் இழப்பு அந்த க்யூவை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால், அந்தப் பணம் வீண்.

பெரிய கோளாறு சாம்பிளை வைக்கும் விதத்தில் இருக்கிறது. பிளவு வளைய ரெசனேட்டரில் (ஓரிடத்தில் சிறு இடைவெளி விட்ட உலோக வளையம்) மின்புலம் வளையத்தின் இடைவெளியை ஒட்டியே திரண்டிருக்கும்; சில மில்லிமீட்டர் விலகினால் வலுவிழந்துவிடும். சக்கையோ பொசுபொசுவென்று இருக்கும். அள்ளிப் போட்டால் அந்த இடத்தில் பெரும்பகுதி காற்றுதான். கையால் ஓர் அமுக்கு அமுக்கினால், ஈரம் துளியும் மாறாமலே அதிர்வெண் இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். அதாவது, அளவீட்டில் அடர்த்தியும் கலந்திருக்கிறது. ஒரே எடையை ஒரே பெட்டியில் ஒரே கனத்துக்கு அமுக்கி வைப்பது எளிய வழி. அதைவிட நல்லது, அதிர்வெண் நகர்வோடு ஒத்ததிர்வு வளைவின் அகலம் எவ்வளவு கூடியது என்பதையும் குறித்து, இரண்டின் விகிதத்தைப் பயன்படுத்துவது. அடர்த்தியின் தாக்கம் விகிதத்தில் பெருமளவு அடிபட்டுப் போகும்.

அப்புறம் வெப்பநிலை. 50 டிகிரியில் நீரின் விடுதிறன் சுமார் 70-க்கு இறங்கிவிடும். ஏசி அறையில் கேலிப்ரேஷன் செய்துவிட்டு, ஆலையில் சூடாக வரும் சக்கையை அளந்தால் கணக்கு உதைக்கும். பக்கத்திலேயே ஒரு வெப்பமானி வையுங்கள்.

டெஃப்லான் துண்டையும் எஃப்ஆர்-4 துண்டையும் வைத்துக் கேலிப்ரேஷன் கோடு போட்டு, அதை ஈரச் சக்கை வரை நீட்டுவதும் சரிவராது. சக்கையையே பல ஈர அளவுகளில் எடுத்து, சென்சாரில் அளந்த அதே பிடியை எடை போட்டு, 105 டிகிரி உலர்த்து அடுப்பில் (oven) எடை இனி மாறாது என்ற நிலை வரும் வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். அடுப்புக்குப் போகும்வரை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும்; மேசையில் திறந்து கிடந்தால் அதற்குள் ஈரம் மாறிவிடும்.