அல்புமின் நனோதுணிக்கைக்குள்ள என்சைமைச் சாகாம வைக்கிறது எப்பிடி

திருமலையில லாப் ப்ராஜெக்ட் செய்யிற தம்பி தங்கச்சியளுக்காக எழுதுறன். என்சைம் மருந்தை அப்பிடியே ஊசியில ஏத்தினா ரத்தத்தில இருக்கிற புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுற என்சைம்) அதை வெட்டிப்போடும், இல்லாட்டி உடம்பு அதுக்கு அன்டிபொடி செய்யும். லியூகேமியாவுக்குக் குடுக்கிற அஸ்பராஜினேஸுக்கும் இதே பிரச்சினைதான், அதாலதான் பெக் (PEG) எண்ட பொலிமர் ஒட்டின வடிவம் வந்து 1994ல அமெரிக்காவில அனுமதி வாங்கினது. இன்னொரு வழி, என்சைமை அல்புமின் எண்ட ரத்தப் புரதத்தால செய்த நனோதுணிக்கைக்குள்ள பூட்டுறது.

பழகிறதுக்கு கற்றலேஸ் எண்ட என்சைமை எடுங்கோ, விலை குறைவு, ஹைட்ரஜன் பெரொக்சைட்டை உடைக்குதா எண்டு உடன பாக்கலாம். மாட்டு அல்புமின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் தண்ணில கரைச்சு பிஎச் 8க்கு மேல கொண்டு வாங்கோ (4.7 பக்கம் போனா கட்டிபட்டிடும்), கற்றலேஸ் 1 மில்லிகிராம் சேருங்கோ. கச்சான் அடிக்கிற மாசத்தில லாப் சூடு என்சைமுக்குச் சரிவராது, ஐஸுக்கு மேல வச்சே கலக்குங்கோ, மீன்காரர் பாவிக்கிற ஐஸ் காணும். எதனோலை நிமிசத்துக்கு 1 மில்லிலீற்றர் கணக்கில சொட்டுச் சொட்டா விடுங்கோ, பால் மாதிரி வெள்ளையானதும் நிப்பாட்டுங்கோ.

இனித்தான் கவனம். துணிக்கை திரும்பக் கரையாம இருக்க குளுட்டரல்டிஹைட் போடோணும், ஆனா அது புரதத்தில இருக்கிற லைசின் எண்ட அமினோ அமிலத்தைப் பிடிச்சு இழுத்துக் கட்டுறதால அல்புமினோட சேத்து என்சைமையும் முடக்கலாம். வெறும் அல்புமினுக்கு 8 வீதக் கரைசலில மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 1.2 மைக்ரோலீற்றர் போடுறவை, நீங்கள் அதில பாதியில தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிப் பாருங்கோ. டிரிஸ் பஃபர் (பிஎச்சை மாறாம வைக்கிற கரைசல்) வேண்டவே வேண்டாம், அதில அமைன் இருக்கு, குளுட்டரல்டிஹைட்டை அதுவே தின்னும். ஆவி கண்ணை எரிக்கும், ஃபியூம் ஹூட்டுக்குள்ள செய்யுங்கோ.

பிறகு சென்றிஃபியூஜில சுத்தி, துணிக்கையைக் கழுவி, மேல நிக்கிற தண்ணில எவ்வளவு என்சைம் மிஞ்சினது எண்டு பாருங்கோ. ஆனா உள்ள போன அளவை மட்டும் எழுதிப்போட்டு விடாதேங்கோ, உள்ள போய்ச் செத்த என்சைமால ஒரு நோயாளிக்கும் பிரயோசனம் இல்ல. 240 நனோமீற்றரில பெரொக்சைட் குறையிற வேகத்தை அளவுங்கோ. துணிக்கை வெளிச்சத்தைச் சிதறடிக்கும் எண்டதால என்சைம் இல்லாத துணிக்கையும் ஒண்டு பக்கத்தில வேணும், எதனோல் மட்டும் பட்ட என்சைமும் ஒண்டு வேணும், அப்பதான் என்சைமைச் சாகடிச்சது எதனோலா குளுட்டரல்டிஹைட்டா எண்டு பிடிபடும்.

கடைசியா வெறும் என்சைமையும் துணிக்கையையும் 37 பாகையில புரோட்டியேஸோட விட்டு இடைக்கிடை எடுத்து ஒப்பிடுங்கோ. வச்சுப் பாவிக்கிறதெண்டா டிரிஹலோஸ் எண்ட சீனி போட்டு உறையவச்சு உலர்த்தி, திரும்பக் கரைச்ச பிறகு பருமனையும் வேகத்தையும் மறுபடி அளவுங்கோ.