காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் பாம்பனும் தனுஷ்கோடியும்

ராமேஸ்வரம் போகும் நம்மூர்க்காரர்கள் பாதிப் பேர் கோயில், தீர்த்தம், மதியச் சாப்பாடு என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இது அவர்களுக்கு இல்லை. நம் ஐயாமார்கள் கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போன ரயில் பாதையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க நினைப்பவர்களுக்கு.

முதல் விஷயம், காரில் போகாதீர்கள். போட் மெயில் என்ற பெயரிலேயே இன்றும் ஒரு ரயில் சென்னையிலிருந்து காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகிறது, அதில் விடிகாலையில் ஏறினால் நாள் முழுக்கக் கையில் இருக்கும். அந்தப் பெயர் ஏன் என்று கூட வரும் பிள்ளைகள் கேட்பார்கள்: 1914இலிருந்து இந்த ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அப்புறம் மறுபடி ரயிலில் கொழும்பு. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்றில் பாதி கிழிந்த லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்பத்தா அதைச் சுரண்ட விட்டதே இல்லை.

இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மானாமதுரை தாண்டியதும் பிரித்துச் சாப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் கடல் பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர் வந்தபின் கை சும்மா இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிற மாதிரி கதவை ஒட்டிய சீட் கிடைத்தால் நல்லது, ஆனால் படியில் தொங்க வேண்டாம், கடல் காற்று அங்கே வேறு மாதிரி அடிக்கும்.

நீங்கள் போவது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்தில். பக்கத்திலேயே நிற்பதுதான் 1914இல் திறந்த பழையது. 2022 டிசம்பரிலேயே அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், பிரித்தெடுக்கவும் முடிவாகிவிட்டது, அதனால் அடுத்த லீவில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பாலத்தைக் கவனியுங்கள். பழையது இரண்டு துண்டாகப் பிரிந்து கதவு போல மேலே சாய்ந்தது, ஆட்கள் நின்று கம்பியைப் பிடித்துச் சுற்றித் தள்ளித்தான் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் கோயில் பக்கம் திரும்பாமல் தனுஷ்கோடிக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், வெயில் காத்திருக்காது. நாங்கள் ஒரு தடவை உச்சி வெயிலில் போய், செருப்புக்குள் மணல் கொதிக்க, இருந்த ஒரே குடையையும் காற்று பிரட்டிப் போட, பத்து நிமிஷத்தில் ஓடி வந்துவிட்டோம்.

அங்கே தேவாலயத்தின் சுவர் முன்னால்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அது பவளக்கல்லில் கட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். தொடாமல் பாருங்கள், ஏறவே வேண்டாம். ஆனால் நாம் வந்தது ரயில் நிலையத்துக்கு. உடைந்து நிற்கும் சுவர்கள்தான் மிச்சம், அவசரத்தில் கடந்து போய்விடுவீர்கள், கடைக்காரர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரனின் குழு 46 நாளில் திரும்ப நிறுத்தியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த தண்டவாளத்தை மட்டும் யாரும் மறுபடி போடவில்லை. அங்கே நின்று ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், போட்டோ அப்புறம் எடுக்கலாம்.

ராத்திரி தங்க விடமாட்டார்கள், சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். தண்ணீரும் மோரும் கையில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் பாம்பனில் இறங்கி, சாலைப் பாலத்தின் நடைபாதையில் நடந்து இரண்டு ரயில் பாலங்களையும் ஒன்றாகப் பாருங்கள். வண்டியை நடுவில் நிறுத்தினால் போலீஸ் விரட்டும், அதனால் முன்னாலேயே இறங்கி நடப்பதுதான் சரி. கீழே மீன்பிடிப் படகுகள் பழைய தூண்களுக்கு நடுவே புகுந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது, திரும்பும் ரயில் ராமேஸ்வரத்தில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைக் காலையிலேயே ஸ்டேஷனில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.