லீவுக்கு ஊருக்கு போறப்போ ரூம உள்வாடகைக்கு விடுறது எப்படி

மே மாசம் பூரா நாம ஊர்ல மாங்கா தின்னுட்டு கெடப்போம், ஆனா சென்னை ராயபுரத்துல பூட்டி கெடக்குற ரூமுக்கு ஒண்ணாந்தேதி ஆனா வாடகை மட்டும் கரெக்டா போயிடும். ரெண்டு மாசத்துக்கு வேற ஆள வெச்சிட்டு போனா அந்த காசு மிச்சம். ஆனா ஆள் தேடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடுங்க.

போன வருஷம் நான் சொல்லல. கீழ் போர்ஷன்ல இருக்கிற ஓனர் ஆயா விடியகாலைல தண்ணி வந்துடுச்சுன்னு சொல்ல மேல ஏறி கதவ தட்டியிருக்கு, தெறந்தது என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு, லுங்கியோட. உடனே எனக்கு போன். "ஏம்ப்பா, யாருன்னே தெரியாதவன் என் வீட்டுல நிக்கிறான், நீ எங்கப்பா இருக்க?" நான் தூக்கத்துல உளறினத கேட்டு ஆயாவுக்கு இன்னும் கோவம், அடுத்த நாளே பையன் பெட்டிய கட்ட வேண்டியதா போச்சு.

சட்டமும் ஆயா பக்கம்தான். 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கிற தமிழ்நாடு வாடகை சட்டப்படி, ஓனர் எழுத்துல சம்மதம் தராம உள்வாடகைக்கு விடக்கூடாது, விட்டா அத காரணமா காட்டியே நம்மள காலி பண்ண சொல்லலாம். அதனால ஒரு வெள்ள பேப்பர்ல வரப்போற ஆளோட பேரு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், மாசம் எவ்ளோன்னு எழுதி மூணு பேரும் கையெழுத்து போடுங்க, ஆதார் காப்பி ஒண்ணு ஓனருக்கு. முடிஞ்சா ஆளையே நேர்ல கூட்டிட்டு போய் காட்டுங்க, எங்க ஆயா மாதிரி ஆளுங்களுக்கு பேப்பர விட மூஞ்சி முக்கியம்.

ஆள் கெடைக்கிறது கஷ்டமில்ல. கோடைல இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற பசங்க, நீட் கோச்சிங் பசங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரில சேத்திருக்கிறவங்களுக்கு துணைக்கு வந்த சொந்தக்காரங்கன்னு நெறைய பேர் ரெண்டு மாசத்துக்கு மட்டும் எடம் தேடுறாங்க. பாரிஸ் கார்னர் பக்கம் வேலைன்னா மெட்ரோவ சொல்லுங்க, 2021ல விம்கோ நகர் வரைக்கும் நீட்டினதுக்கு அப்புறம் தண்டையார்பேட்டைல இருந்து போறதும் ஈஸிதான். வாடகை நீங்க குடுக்குறத விட கொஞ்சம் கம்மியா சொல்லுங்க, அதிகமா வாங்கினீங்கன்னு ஓனருக்கு தெரிஞ்சா அடுத்த மாசம் உங்களுக்கே ஏத்திடுவாங்க.

ஒரு மாச அட்வான்ஸ் வாங்கி தனியா வெச்சிடுங்க, ஏன்னா ஏதாவது ஒடஞ்சா ஓனர் கழிக்கப்போறது உங்க அட்வான்ஸ்லதான். சாவி குடுக்குற அன்னிக்கு ஃபேன், பாத்ரூம் குழாய், செவுருன்னு எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுத்துட்டு ரெண்டு பேர் போன்லயும் வெச்சுக்கோங்க. ஈபி மீட்டர மறக்காம போட்டோ எடுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கெடுக்குறதால உங்க யூனிட்டும் அவங்க யூனிட்டும் ஒரே பில்லுல கலந்துடும், அதுல அக்னி நட்சத்திரத்துல ஏசி ஓடி 500 யூனிட் தாண்டிட்டா ஸ்லாப்பே மாறிடும், அப்போ யார் எவ்ளோன்னு சண்டதான்.

அடுத்தது தண்ணி. வெளியூர் ஆளுக்கு இது புரியாது. மெட்ரோ வாட்டர் எத்தன மணிக்கு வரும், அடிபம்புல மொதல்ல வர்ற கலங்கல் தண்ணிய எவ்ளோ விடணும், எந்த குடம் குடிக்க எந்த குடம் கழுவ, பக்கத்து போர்ஷன் அக்காவுக்கு அப்புறம்தான் நம்ம முறைன்னு எல்லாத்தையும் ஒரு நாள் கூடவே நின்னு அடிச்சு காட்டிட்டு போங்க. என் பச்ச குடம் குடிக்கிற தண்ணிக்குன்னு சொல்லாம போய், திரும்பி வந்து பாத்தா அதுல சர்ஃப் நொர.

அப்புறம் காசிமேட்டு மீனுக்காகவே வர்றேன்னு ஒருத்தர் சொன்னா முன்னாடியே சொல்லிடுங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போகாது, வஞ்சிரம் வாங்குற காசுல பாதி வாடகை குடுத்துடலாம்.