இம்யூனோகுளோபுலின் ஏற்றும் குழந்தையோடு இங்கிலாந்து வருகிறீர்களா? பழைய ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுங்கள்

நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஐ.வி.ஐ.ஜி. (கிருமிகளை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளை, அதாவது இம்யூனோகுளோபுலினை, நரம்பு வழியே தரும் மருந்து) ஏற்றிவந்து, இப்போது வேலை மாற்றலில் இங்கிலாந்துக்குக் கிளம்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மருந்துக் குப்பியை எங்கே வாங்குவது, ஐஸ் பெட்டியில் எப்படிக் கொண்டுபோவது, நரம்பு கிடைக்காமல் பிள்ளை அழும்போது எந்த நர்ஸைக் கூப்பிடுவது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இங்கே மருந்தை நீங்கள் வாங்க வேண்டியதில்லை, மருத்துவமனையே தரும். உங்களிடம் கேட்பது ஆவணம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவோடு, இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸுக்கான மேல்வரி கட்டியிருப்பீர்கள், 2024 பிப்ரவரி முதல் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. வந்த வாரமே வீட்டருகே ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் பதியுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள், பதிவதற்கு அது கட்டாயமில்லை. அவர்தான் குழந்தைகள் நோயெதிர்ப்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்புவார். அடுத்த டோஸ் எந்தத் தேதி என்பதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஊரில் கடைசி டோஸைப் பயணத்துக்குச் சில நாள் முன்பு வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றிய ஐ.ஜி.ஜி. (இந்த மருந்தில் உள்ள முக்கிய எதிர்ப்பொருள்) ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி, என் நண்பர் குடும்பம் மாட்டிக்கொண்ட இடம். திருச்சிக்காரர்கள். பையனுக்கு ஆறு வயது, மூன்று வயதிலிருந்து ஐ.வி.ஐ.ஜி. ஒரு பெட்டி நிறைய ஃபைலோடு வந்தார்கள். பில், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. இங்கே மருத்துவர் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: முதல் டோஸ் ஏற்றுவதற்கு முன்பு ஐ.ஜி.ஜி. எவ்வளவு இருந்தது? தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பொருள் எந்த அளவுக்கு உயர்ந்தது? சம்மரியில் ‘இம்யூனோகுளோபுலின் குறைவு’ என்று ஒரு வரி இருந்தது. எண் இல்லை.

இப்போதே ரத்தம் எடுத்துப் பாருங்களேன் என்றார் நண்பர். எடுத்தார்கள். ஐ.ஜி.ஜி. சரியான அளவில் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்து ஊரில் ஏற்றியதுதானே அவன் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு சொந்தமாக என்ன தயாரிக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லாது. மருந்தைச் சில மாதம் நிறுத்தினால்தான் தெரியும் என்றார்கள். நிறுத்தினார்கள். நவம்பரில் பிள்ளை நிமோனியாவோடு ஆக்சிஜன் குழாய் மாட்டிப் படுத்திருந்தான். அவன் அம்மா பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். கடைசியில் திருச்சியில் நண்பரின் தம்பி பழைய பில் எண்ணை வைத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்தில் மன்றாடி அந்த முடிவின் நகலை வாங்கி அனுப்பினார். அதன்பிறகுதான் மருந்து மறுபடி தொடங்கியது.

இங்கே இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கோபம் வரும். இம்யூனோகுளோபுலின் எந்த நோய்க்காக யாருக்குத் தரப்படுகிறது என்பது தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். பிளாஸ்மா கிடைப்பதும் அரிது. மாட்டு மூளை நோய் பயத்தால் 1998 முதல் பிரிட்டன் பிளாஸ்மாவிலிருந்து இந்த மருந்தைத் தயாரிப்பதை நிறுத்தி வெளிநாட்டிலிருந்தே வாங்கினார்கள். அந்தத் தடை 2021இல்தான் நீங்கியது. அதனால் கேட்கிற மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். குழந்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் நோயின் ஆதார எண்களை எழுதிக் கொடுக்காமல் அனுப்புகிற நம் ஊர் சம்மரிகள்மீதுதான் எனக்கு ஆற்றாமை.

ஆகவே கிளம்புமுன் இவற்றைக் கையோடு வாங்குங்கள்: முதல் டோஸுக்கு முந்தைய ஐ.ஜி.ஜி., மற்ற எதிர்ப்பொருள் வகைகளான ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். அளவுகள், தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எடுத்த எதிர்ப்பொருள் அளவு, பி அணு, டி அணு எனும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, எடுத்திருந்தால் மரபணு அறிக்கை. அணு எண்ணிக்கையும் மரபணுவும் ஏற்றிய மருந்தால் மாறுவதில்லை. பி அணுவே இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு தாளே பெரிய சாட்சி. நண்பர் மகனுக்கு அது இயல்பாக இருந்ததால் உதவவில்லை. மருந்தின் பெயர், எத்தனை கிராம், எந்த வேகத்தில் ஏற்றினார்கள், தலைவலி, நடுக்கம் வந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள். மருந்துக் குப்பியில் உரித்து எடுக்கிற மாதிரி ஒட்டியிருக்கும் பேட்ச் எண் சீட்டை நோட்டில் ஒட்டிவைத்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு பயமும் இதிலிருந்தே வரும். அதே பையனுக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் ஒன்று பாசிட்டிவ் என்று வந்தது. அவன் அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. வைரஸையே நேராகத் தேடும் சோதனையில் ஒன்றும் இல்லை. கொடையாளிகளின் எதிர்ப்பொருள்தான் அப்படிக் காட்டியிருக்கிறது. இம்மாதிரி முடிவு வந்தால், கடைசி டோஸ் எப்போது ஏற்றியது என்பதை முதலில் சொல்லுங்கள்.

பிறகு தோலுக்கு அடியில் ஏற்றும் முறையை வீட்டிலேயே செய்யச் சொல்லித் தருவார்கள், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. நண்பர் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் சின்ன பம்ப் ஓடும், பையன் கார்ட்டூன் பார்ப்பான், தொடை கொழுக்கட்டை போல வீங்கி மறுநாள் வடிந்துவிடும். புதிது என்று தயங்க வேண்டாம். 1952இல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் இந்த வகை நோய் ஒன்றை முதலில் விவரித்தபோது, எட்டு வயதுச் சிறுவனுக்கு அவர் மருந்து கொடுத்ததும் தோலுக்கு அடியில்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒன்று கவனியுங்கள். போலியோ முகாம் நாளில் வீட்டு வாசலுக்கே சொட்டு மருந்து வரும். தாத்தா பாட்டி ஆசையாய்ப் பிள்ளையை முன்னே நிறுத்துவார்கள். அது உயிருள்ள கிருமி கொண்ட மருந்து. இந்தக் குழந்தைக்கும் கூடாது, ஒரே வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் கூடாது. அவர்களுக்குப் போலியோ ஊசிதான். போவதற்கு முன்பே தொலைபேசியில் பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவர் கடிதத்தின் நகலையும் அனுப்பிவிடுங்கள்.