வாடகைக் கார் மென்பொருளில் ‘யார் மாற்றியது?’

மொரிசியசில் வாடகைக் கார் தொழில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பில் தொகை திடீரென மாறியிருக்கிறதா? கவுண்டர் பிள்ளையைத் திட்டுமுன் அந்த புக்கிங்கின் மாற்றப் பதிவைத் திறந்து பாருங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பயனர், நேரம் எல்லாம் பொதுவாக அதில் இருக்கும். நேரத்தில்தான் பலரும் ஏமாறுவது. பல மென்பொருள்கள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் பதியும். நாம் அதைவிட 4 மணி முன்னே. பதிவில் 12ஆம் தேதி 21:30 என்றால் இங்கே 13ஆம் தேதி அதிகாலை 1:30. பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இரவில் ஒப்படைக்கும் வண்டிக் கணக்கெல்லாம் இப்படித்தான் குழம்பும். பயனர் இடத்தில் ‘சிஸ்டம்’ என்றிருந்தால் முந்தைய வரியைப் பாருங்கள்: யாரோ திரும்பும் தேதியைத் தள்ளியிருப்பார், வாடகை தானாகக் கூடியிருக்கும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற கடையில் மட்டும் பெயரைப் பார்த்துப் பயனில்லை.