டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பிக்கப்: தொடக்கநிலைக் கிட்டார் கலைஞர்களுக்கான செய்முறை விளக்கம்

மின்கிட்டார் பழகத் தொடங்கியவர்கள், டிஸ்டார்ஷன் ஒலி மனத்துக்குப் பிடித்தபடி அமையாதபோது, முதலில் மின்னலையைப் பெருக்கும் அளவை மாற்றும் கெயின் குமிழைக் கூட்டுகிறார்கள். அதுவும் போதாதென்றால் புதிய பெடல் வாங்குகிறார்கள். டிஸ்டார்ஷன் செய்யும் வேலையோ, தன்னிடம் வந்துசேரும் மின்னலையின் உச்சிகளைத் தறித்துத் தட்டையாக்குவதும், அதன்மூலம் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்களைப் பிறப்பிப்பதும்தான். எந்த அலை உள்ளே போகிறதோ அதன் குணமே பல மடங்கு பெருகி வெளியே வருகிறது. அந்த அலையை உருவாக்குவது, தந்திகளுக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கும் பிக்கப். எனவே பெடலுக்குச் செலவிடுவதற்கு முன்னால் ஒரு மாலைப் பொழுதைப் பிக்கப்புக்குச் செலவிடுங்கள்.

படி 1: உங்கள் கிட்டாரில் இருப்பது எது என்று பாருங்கள்

எல்லாக் காந்தப் பிக்கப்புகளும் மின்காந்தத் தூண்டல் என்ற ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியில் அந்த மாற்றம் மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. ஒரே சுருள் கொண்ட ஒடுங்கிய பிக்கப் சிங்கிள் காயில். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இத்தகையவை மூன்று உண்டு. இரண்டு சுருள்கள் அருகருகே அமைந்த அகலமான பிக்கப் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் இதற்கு 1955இல் காப்புரிமை கோரினார். 1957 முதல் இது லெஸ் பால் கிட்டார்களில் இடம்பெற்றது. அகலமாக இருந்தும் ஒரே சுருள் கொண்ட பி-90 என்ற வகையும் இருக்கிறது. தடிப்பும் கூர்மையும் சேர்ந்த அதன் முறுமுறுப்பை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் இரைச்சலைப் பொறுத்தவரை அதுவும் சிங்கிள் காயில்தான்.

படி 2: வாசிக்காமல் கேளுங்கள்

கிட்டாரின் வால்யூம், டோன் குமிழ்களை முழுவதும் திறந்து, ஆம்பின் பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, கெயினைப் பாதியளவு கூட்டுங்கள். தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு சிங்கிள் காயிலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தொடர்ந்த உறுமல் கேட்கும். வீட்டு மின்கம்பிகளிலிருந்தும் மின்மாற்றிகளிலிருந்தும் பரவும் காந்தப்புலத்தைச் சுருள் ஓர் ஆன்டெனா போல வாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த அதிர்வெண்ணும் 100, 150 என்று அதன் மடங்குகளும் இந்த உறுமலில் கலந்திருக்கும். கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதேனும் ஒரு திசையில் உறுமல் வெகுவாகக் குறையும்.

இப்போது ஹம்பக்கருக்கு மாறுங்கள்; உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹம்பக்கரின் இரு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இணைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி அழிகிறது. காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடுகிறது. டிஸ்டார்ஷனில் இதன் மதிப்பு இன்னும் அதிகம். தறிக்கப்பட்ட அலை ஓரளவுக்கு மேல் உயர முடியாது, சிறிய இரைச்சலோ கெயினைக் கூட்டும் அளவுக்கு முழுமையாக உயர்ந்துகொண்டே போகும் என்பதால், இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. சிங்கிள் காயில் மட்டுமே உள்ள கிட்டார் என்றால், இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்ச் இடங்களை முயன்று பாருங்கள். நடுப் பிக்கப் எதிர்முகமாகச் சுற்றப்பட்டிருந்தால் அங்கே ஹம்பக்கரைப் போலவே இரைச்சல் அடங்கும்.

படி 3: ஷட்ஜமும் பஞ்சமமும், பிறகு முழுக் கார்டு

அடித்தந்தியில் 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ‘இ’ சுரத்தையும் அதன் பஞ்சமமான ‘பி’யையும் சேர்த்து வாசியுங்கள். பவர் கார்டு என்று சொல்லப்படுவது இதுதான். பிறகு, அதே கெயினில் ‘இ’ மேஜர் கார்டை ஆறு தந்திகளிலும் வாசியுங்கள். முதலாவது திண்மையாக நிற்கும், இரண்டாவது கலங்கும். இரண்டு சுரங்கள் ஒன்றாகத் தறிக்கப்படும்போது, அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற விகிதத்தில் இருப்பதால் அவற்றின் வேறுபாடு, கீழ் ஸ்தாயி ஷட்ஜமாகவே வந்து விழுந்து ஒலிக்கு அடித்தளம் போடுகிறது. மேஜர் கார்டில் உள்ள அந்தர காந்தாரம் சேரும்போது நிலைமை வேறு. கிட்டாரின் ஃபிரெட்டுகள், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான அரைச்சுரங்களாகப் பிரிக்கும் முறையில் அமைந்திருப்பதால், ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே பிறக்கும் வேறுபாட்டு ஒலி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாக விலகி நிற்கிறது. காதுக்குச் சேறுபோலத் தோன்றுவது இதுதான்.

இதே இரண்டையும் சிங்கிள் காயிலிலும் ஹம்பக்கரிலும் வாசித்துப் பாருங்கள். இரு சுருள்களும் தொடராக இணைந்த ஹம்பக்கர் கூடுதல் மின்னழுத்தம் தருவதால் தறிப்பு விரைவில் தொடங்குகிறது. உயர் அதிர்வெண்களைச் சற்று விட்டுக்கொடுப்பதால் ஒலி தடித்து, வழவழப்பாக நீள்கிறது. பவர் கார்டுகளுக்கும் நீண்டு நிற்கும் சோலோ சுரங்களுக்கும் இது பொருந்தும். சிங்கிள் காயிலில் உயர் அதிர்வெண்கள் கூடுதலாக உள்ளே போவதால் டிஸ்டார்ஷனில் விளிம்பு கூர்மையாகி, முழுக் கார்டிலும் தந்திகள் ஓரளவு தனித்தனியே கேட்கும்.

ஆனால் நெக் (கழுத்து) பக்கத்துச் சிங்கிள் காயிலை, பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கத்து ஹம்பக்கரோடு ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். வகையின் வேறுபாடும் இடத்தின் வேறுபாடும் அங்கே கலந்துவிடுகின்றன. ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் இயக்கும் காயில் ஸ்பிளிட் வசதி இருந்தால் ஒரே இடத்திலேயே ஒப்பிடலாம். ஹம்பக்கருக்கு மாறும்போது, முறுமுறுப்பின் அளவு சமமாகும்வரை கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடுகிறவர்கள் பிக்கப்பின் குணத்தைக் கேட்பதில்லை, கெயினின் அளவையே கேட்கிறார்கள்.

படி 4: இடம்

நெக் பக்கத்தில் தந்தி அகலமாக அதிர்வதால் அடிஒலி மிகும். அதிகக் கெயினில் அது குழம்பும். இறுக்கமான ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களுக்கு) பிரிட்ஜ், மெல்லிழையான சோலோக்களுக்கு நெக் என்று தொடங்குங்கள்.

படி 5: உயரம்

ஒரு சிறிய ஸ்குரூடிரைவர் மட்டுமே தேவைப்படும் இந்த வேலையைப் பலர் தொடுவதே இல்லை. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப் முனைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். சிங்கிள் காயிலுக்குச் சுமார் 2 மி.மீ., ஹம்பக்கருக்குச் சுமார் 1.6 மி.மீ. என்று தொடங்கி, பக்கத் திருகுகளைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள். நெருக்கினால் தறிப்பு கூடும். விலக்கினால் ஒலி திறந்து தெளியும். காந்தத் தண்டுகளே முனைகளாக அமைந்த சிங்கிள் காயிலை மிக நெருக்கினால், காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைத் தள்ளாட வைக்கும். அடித்தந்தியின் மேல் ஃபிரெட்டுகளில் ஒரு சுரம் இரண்டாகப் பிரிந்து அசைவதுபோல் கேட்டால், பிக்கப்பை உடனே இறக்குங்கள்.

படி 6: கெயினை இப்போது தொடுங்கள்

கெயினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பவர் கார்டு வேண்டிய அளவு முறுமுறுக்கும்வரை மட்டும் கூட்டி, அங்கே நிறுத்துங்கள். பிறகு கிட்டாரின் வால்யூம் குமிழை 10இலிருந்து 6க்குக் குறைத்து அதே கார்டை வாசித்துப் பாருங்கள். தறிப்பு விலகி ஒலி தெளிவடையும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகளைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். உள்ளேயே பெருக்கி கொண்ட அவை மிகக் குறைந்த இரைச்சலுடன் இறுகிய ஒலியைத் தருவதால், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு உள்ளிட்ட பலர் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கையில் இருக்கும் பிக்கப்பின் உயரத்தையும் கெயினையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகும் ஒலியில் எது குறைகிறது என்று உங்களால் பெயரிட்டுச் சொல்ல முடிந்தால், அப்போது கடைக்குச் செல்லுங்கள்.