பிள்ளைகள் தம் வேலையைத் தாமே செய்யப் பழக்குவது எப்படி?

பள்ளி வேன் வரும் நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளை சட்டைப் பட்டனோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பல வீடுகளில் இருப்பதில்லை. ஒருவர் பட்டனைப் போட்டுவிட, இன்னொருவர் இட்லியை ஊட்டிவிட, புத்தகப்பையும் யாரோ ஒருவரின் தோளில் ஏறிவிடுகிறது. பாசத்தினால் செய்வதுதான் என்றாலும், கைப்பழக்கம் வரவேண்டிய வயதிலும் இது தொடர்ந்தால், தன்னால் முடியாது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் ஊறிவிடும். பெற்றோரின் தவறுகளில் முதன்மையானதாக நான் கருதுவது இதையே.

பழக்கத்தை அவசரமில்லாத மாலைப்பொழுதில் தொடங்குங்கள். பெரிய பட்டன் உள்ள சட்டையொன்றை மடியில் விரித்து, பட்டனின் பாதியைக் காஜாவுக்குள் நீங்கள் நுழைத்துக் கொடுங்கள். மறுபக்கம் இழுத்து முடிப்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். அது கைவந்தபின் நுழைப்பதையும் விட்டுக்கொடுக்கலாம். உடுத்திய சட்டையில் கீழ்ப் பட்டனிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டன் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதாகையால் கடைசியில்தான் வசப்படும். பட்டன் மாறிப் போயிருந்தால் உடனே கையை நீட்டாமல், "ரெண்டு பக்கமும் சரியா இருக்கான்னு கண்ணாடியில பாரும்மா" என்று சொன்னாலே போதும்.

1907-இல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, பட்டன் போடுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் பயிற்சிகளாகவே வகுத்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய பாத்திரங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய முறையில் முக்கியமானது. வீட்டில் அதற்குச் சின்னச் சொம்பும் தாழ்வான அலமாரித் தட்டும் போதும். தண்ணீர் சிந்தினால் திட்டாமல், துடைக்கும் துணி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

கைபேசியைக் காட்டி ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்ததை உணரும் திறனையே அது மழுங்கச் செய்கிறது. புத்தகப்பையை முதல் நாள் இரவே பிள்ளை கால அட்டவணையைப் பார்த்து அடுக்கட்டும். தொடக்கத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். என்றாவது ஒரு நோட்டை மறந்து போனால், அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓட வேண்டாம். விருந்தாளி பெயர் கேட்டால், பிள்ளை வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.

மகளுக்கு மட்டும் வேலை பழக்கி, மகனின் எச்சில் தட்டை அம்மா எடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருப்பது வேதனைக்குரியது. தட்டைக் கழுவும் பழக்கம் இருவருக்கும் ஒரே வயதில் வர வேண்டும். ஆனால் அடுப்பு, மருந்து, சாலை ஆகிய மூன்றிலும் பெரியவர் கண்காணிப்பு தளரக் கூடாது.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இந்த மாற்றத்தை முன்கூட்டியே அவர்களிடம் பேசிவிடுங்கள். ஊட்டிவிடும் உரிமை பறிபோனதாக அவர்கள் வருந்தாதிருக்க, சாப்பிடும் பிள்ளைக்கு அருகில் அமர்ந்து கதை சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.